வண்ணம் வடக்குக்கு, கணக்கு நமக்கு

2024 மே 10, வெள்ளிக்கிழமை இரவு. ரொறன்ரோ, லண்டன், சூரிச் என்று நம் சனம் சிதறி வாழும் ஊர்களில் வானம் துருவ ஒளியால் பச்சையும் ஊதாவும் இளஞ்சிவப்புமாக அலையடித்தது. மறுநாள் கல்முனைப் பக்கத்துக் குடும்பங்களின் வாட்சப் குழுக்கள் எல்லாம் அந்தப் படங்களால் நிறைந்திருந்தன. கூடவே ஒரு கேள்வியும் வந்தது: “உங்கட பக்கம் ஒண்டும் தெரியல்லியா?”

கல்முனையை அடுத்த நம் பாண்டிருப்புக் கடற்கரையில் ஒன்றும் தெரியவில்லைதான். வானம் வழக்கம்போலக் கறுத்துக் கிடந்தது. ஆனால் “இல்லை” என்று நாம் அனுப்பிய பதில் பாதிதான் சரி. அன்றிரவு நம் நேரத்தில் பத்தரை மணி கடந்து சில நிமிடங்களில், சூரியனிலிருந்து வந்த முதல் அடி பூமியின் காந்தப்புலத்தில் விழுந்தது. அது கனடாவுக்கும் கல்முனைக்கும் ஏறக்குறைய ஒரே நிமிடத்தில் விழுந்த அடி. காந்தப் புயல் உச்சத்தைத் தொட்டபோது நமக்கு மறுநாள் காலை. பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமை, வெயில் ஏறிக்கொண்டிருந்தது, யாருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இத்தகைய புயல் எவ்வளவு பெரியது என்று சொல்லும் முக்கிய எண்களில் ஒன்று, வண்ணம் காட்டும் வட நாடுகளில் அளக்கப்படுவதில்லை. நம்மைப் போன்ற தாழ் அகலக்கோட்டுப் பகுதிகளில்தான் அளக்கப்படுகிறது. அங்கே வேடிக்கை, இங்கே கணக்கு. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் சூரியனிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்தப் புயலை அனுப்பிய இடத்துக்கு ஓர் இலக்கம் இருந்தது: 13664. சூரியனின் முகத்தில் காந்தம் மிகுந்த பகுதி ஒன்று தோன்றினால் அமெரிக்காவின் சமுத்திர, வளிமண்டல நிர்வாகம் அதற்கு வரிசை எண் கொடுக்கும். 1972 முதல் இந்த வழக்கம் இருக்கிறது. இப்படிப்பட்ட பகுதியைத்தான் செயற்படு பகுதி என்கிறோம். மே முதல் வாரத்தில் சூரியனின் கிழக்கு விளிம்பைத் தாண்டி வந்தபோது 13664 பெரிதாக ஒன்றுமில்லை. சில நாட்களுக்குள் ஊதிப் பெருத்து, ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீற்றர் நீளத்துக்குப் பரவியது. பூமியைப் பக்கம் பக்கமாக அடுக்கினால் பதினைந்து பூமிகள் அதில் இடங்கொள்ளும். கிரகணக் கண்ணாடி வைத்திருந்தவர்கள் தொலைகாட்டி இல்லாமலே அதைக் கண்டார்கள்.

கண்ணுக்குத் தெரிவது கரும்புள்ளிதான். அந்தக் கறுப்பை அப்படியே நம்பிவிடக் கூடாது. சூரியனின் ஒளிரும் மேற்பரப்பு 5,500 பாகை செல்சியசு அளவில் கொதிக்கிறது. புள்ளியின் நடு இருள் அதைவிட 1,500, 2,000 பாகை குளிர்ந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பது அதிகமாக ஒளிர்வதால் இது கறுப்பாகத் தெரிகிறது. பெரிய புள்ளி ஒன்றை மட்டும் பிய்த்தெடுத்து இரவு வானில் வைத்தால் பூரணை நிலவு அதன் முன்னால் மங்கிப்போகும்.

குளிர்வதற்குக் காரணம் காந்தம். சூரியனின் வெளிப்புற 2 லட்சம் கிலோமீற்றர் ஆழத்தில் வெப்பம் கொதித்தெழும் வாயுவின் மூலமாகத்தான் மேலே வருகிறது. அந்த வாயுவில் அணுக்கள் உடைந்து, மின்னேற்றம் கொண்ட துகள்களாகக் கிடக்கின்றன. மின்னேற்றத் துகள் காந்தக் கோடுகளுக்குக் குறுக்கே இலகுவில் போகாது. புள்ளிக்குள் காந்தப்புலம் 2,000 முதல் 4,000 கௌசு வரை இருக்கும். நம் ஊரில் பூமியின் காந்தப்புலம் 0.4 கௌசு, அதாவது ஐயாயிரத்தில் ஒரு பங்கு முதல் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை. அவ்வளவு வலுவான புலத்துக்குள் கொதிப்பு அடங்கிப்போகிறது. கீழிருந்து வெப்பம் வரவில்லை, மேலே குளிர்கிறது, நாம் கறுப்பைக் காண்கிறோம்.

15 கோடி கிலோமீற்றர் தொலைவில் இருக்கும் ஒன்றின் காந்தத்தை இங்கிருந்து அளந்தது எப்படி? அணுக்கள் காந்தப்புலத்துக்குள் இருக்கும்போது, அவை தரும் நிறமாலைக் கோடுகள் ஒன்று பலவாகப் பிளவுபடும் என்று 1896இல் ஒல்லாந்தரான சீமன் கண்டிருந்தார். 1908இல் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் ஜோர்ஜ் எலரி ஹேல், கரும்புள்ளியின் நிறமாலையில் அதே பிளவைப் பார்த்தார். பூமிக்கு வெளியே ஒரு காந்தப்புலம் அளக்கப்பட்டது அதுவே முதல் முறை. புள்ளி ஒவ்வொன்றும் ஒரு பெருஞ்சுழல், மின்னேற்றம் சுற்றிச் சுழல்வதால் காந்தம் பிறக்கிறது என்பது ஹேலின் ஊகம். நியாயமான ஊகம்தான். அது நிற்குமா என்ற சோதனை நமக்குப் பக்கத்தில் நடந்தது.

பாண்டிருப்பிலிருந்து நேர்கோட்டில் 600 கிலோமீற்றருக்குள், கடலுக்கு அப்பால், கொடைக்கானல் மலை. அங்கே 2,300 மீற்றர் உயரத்தில் ஒரு சூரிய ஆய்வகம் இருக்கிறது. 1901 முதல் சூரியனைப் பார்த்துவருகிறது. அது எழும்பியதற்கான காரணங்களில் ஒன்று பஞ்சம். 1876–78இல் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்து, லட்சக் கணக்கில் மக்கள் மாண்டார்கள். நம் மலையகத் தோட்டங்களுக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்களை விரட்டியதும் அதே பஞ்சம்தான். சூரியப் புள்ளிகள் கூடிக் குறைவதற்கும் பருவமழைக்கும் தொடர்பிருக்குமோ என்று ஆட்சியாளர்கள் அதற்குப் பிறகே யோசித்தார்கள். நம்பக்கூடிய தொடர்பு எதுவும் அகப்படவில்லை. ஆய்வகம் மட்டும் நின்றுவிட்டது. தவறான கேள்விக்காகக் கட்டிய கட்டடம் சரியான விடைகளைத் தந்த கதை அறிவியலில் புதிதல்ல. ஆனால் செத்தவர்களை நினைத்தால் அந்தக் கதையை அவ்வளவு ரசிக்க முடிவதில்லை.

1907இல் ஜோன் எவர்ஷெட் என்ற ஆங்கிலேயர் அந்த மலைக்கு வந்தார். மனைவி மேரியும் வானியல் அறிந்தவர். எவர்ஷெட் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்ல. லண்டனில் வேலைக்குப் போய்க்கொண்டு, ஓய்வு நேரத்தில் கருவிகளைத் தானே கட்டிச் சூரியனைப் பார்த்த மனிதர். 1909 சனவரி 5ஆம் திகதி கொடைக்கானலில் வானம் அசையாமல் தெளிந்திருந்தது. நிறமாலைமானியின் மெல்லிய பிளவை ஒரு கரும்புள்ளியின் குறுக்கே வைத்தார். அவர் தேடியது ஹேல் சொன்ன சுழற்சியை.

அந்தக் கண்ணாடித் தட்டில் என்ன தெரிந்திருக்கும் என்று கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். கறுத்த மெல்லிய கோடுகள் நிமிர்ந்து நிற்கின்றன. ஒவ்வொரு கோடும் ஓர் அணுவின் கையொப்பம். புள்ளியின் நடு இருளைக் கடக்கும் இடத்தில் கோடு நேராகவே இருக்கிறது. அந்த இருளைச் சுற்றியுள்ள நார் நாரான சாம்பல் வளையத்தை, அதாவது அயல் நிழலை, கடக்கும்போது கோடு சரிகிறது. ஒரு பக்கத்தில் நீலத்தை நோக்கி, மறுபக்கத்தில் சிவப்பை நோக்கி. நீலப் பக்கம் என்றால் வாயு நம்மை நோக்கி வருகிறது, சிவப்பு என்றால் விலகிப் போகிறது. சுழற்சியாக இருந்தால் பிளவை எந்தத் திசையில் வைத்தபோது சரிவு தெரிய வேண்டுமோ, அந்தத் திசையில் அது தெரியவில்லை. சூரிய வட்டின் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிய திசையில் வைத்தபோதுதான் தெரிந்தது. அப்படியென்றால் வாயு சுழலவில்லை. புள்ளியின் நடுவிலிருந்து நாலா பக்கமும் வெளியே ஓடுகிறது, செக்கனுக்கு ஏறக்குறைய 2 கிலோமீற்றர் வேகத்தில்.

தேடிப் போனது ஒன்று, கிடைத்தது வேறொன்று. எவர்ஷெட் கிடைத்ததை எழுதினார். கொடைக்கானல் ஆய்வகத்தின் அறிக்கையாக அது வெளிவந்தது. இன்றும் உலகின் எந்தச் சூரியவியல் நூலைப் புரட்டினாலும் அது எவர்ஷெட் விளைவு என்ற பெயரில் இருக்கும். புள்ளியின் காந்தக் கோடுகள் நடுவில் செங்குத்தாக எழுந்து, அயல் நிழலில் விசிறிபோல் சாய்ந்து படுக்கின்றன என்றும், வாயு அந்தச் சாய்ந்த வழியே ஓடுகிறது என்றும் பின்னால் விளங்கியது. காந்தம்தான் ஓட்டத்தை வழிநடத்துகிறது. ஓட்டம் சுழன்று காந்தத்தைப் பிறப்பிக்கிறது என்ற எண்ணம் எடுபடவில்லை.

அந்த மலையில் இன்னொரு செல்வமும் இருக்கிறது. கல்சியம் அணு தரும் ஊதா ஒளியில் மட்டும் சூரியனைப் படம் எடுத்து, நாளாந்தம் தட்டுக்களாகச் சேர்த்தார்கள். நூறு வருடத்துக்கும் மேலாக அது தொடர்ந்தது. இந்த ஒளியில் செயற்படு பகுதிகள் பளிச்சென்ற திட்டுகளாகத் தெரியும், காந்தம் எங்கே கூடுகிறதோ அங்கே வெளிச்சம் கூடும். முழுச் சூரியனின் காந்தத்தையும் நாள் தவறாமல் அளக்கும் கருவிகள் நிலைபெறுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே எடுத்த படங்கள் இவை. ஆகவே பழைய காலத்துச் சூரியக் காந்தத்தை அறிய விரும்பும் ஆய்வாளர்கள் இன்று அந்தக் கொடைக்கானல் தட்டுக்களை எண்ணிமப்படுத்தி அளக்கிறார்கள். எடுத்தவர்களுக்கு இப்படி ஒரு பயன் வரும் என்று தெரிந்திருக்காது.

காந்தம் எங்கிருந்து வருகிறது? சூரியன் கட்டியான உருண்டை அல்லாததால் எல்லா இடமும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. நடுக்கோட்டுப் பகுதி 25 நாளில் ஒரு சுற்று முடிக்கும். துருவப் பக்கத்துக்கு 35 நாள் வரை செல்லும். உள்ளே கிடக்கும் காந்தக் கோடுகளை இந்த வேறுபாடு இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. கரைவலைக் கயிறு முறுக்கேறினால் என்ன செய்யும் என்று கடற்கரையில் வளர்ந்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓரிடத்தில் தானே மடங்கி, கண்ணியாக மேலே எழும்பும். அதுபோலவே காந்தக் கற்றையும் மிதந்தெழுந்து மேற்பரப்பைக் கிழித்து வெளியே வருகிறது. வெளியேறும் இடத்தில் ஒரு புள்ளி, மீண்டும் உள்ளே நுழையும் இடத்தில் ஒரு புள்ளி. ஒன்று வடமுனை, மற்றது தென்முனை. அதனால்தான் புள்ளிகள் பெரும்பாலும் சோடியாக வருகின்றன.

சூரியனின் வட அரைக்கோளத்தில் முன்னே செல்லும் புள்ளி வடமுனையாக இருந்தால், தென் அரைக்கோளத்தில் முன்னே செல்வது தென்முனையாக இருக்கும். ஏறக்குறைய 11 வருடத்துக்கு ஒரு தடவை இந்த ஒழுங்கு முழுவதும் தலைகீழாகும். இதையும் ஹேலும் அவர் கூட்டாளிகளும்தான் கண்டார்கள். ஆகவே புள்ளிகளை எண்ணினால் சுழற்சி 11 வருடம், காந்தத்தைக் கேட்டால் 22 வருடம்.

ஒழுங்காக வந்த சோடிகளால் பெரிய ஆபத்து வருவதில்லை. ஒன்றின் மேல் ஒன்றாகப் பல கற்றைகள் ஒரே இடத்தில் முண்டியடித்து எழும்பும்போதுதான் வினை. 13664இல் எதிரெதிர் முனைகள் ஒரே அயல் நிழலுக்குள் நெருக்கியடித்துக் கிடந்தன. வானியலாளர்கள் டெல்டா வகை என்று பெயரிட்டுப் பயப்படும் அமைப்பு அது. எதிர் முனைகளிலிருந்து வரும் கோடுகள் மிகக் கிட்ட நெருக்கப்படும்போது அறுந்து, வேறு விதமாகப் பொருந்திக்கொள்கின்றன. முறுக்கில் சேர்ந்திருந்த ஆற்றல் நிமிடக் கணக்கில் வெளியே பாய்கிறது. மிகப் பெரிய சூரிய வெடிப்பு ஒன்றில் வெளிப்படும் ஆற்றல், உலகம் முழுவதும் இன்று செலவழிக்கும் வேகத்தில் பத்தாயிரம் வருடத்துக்கு மேல் போதும்.

இதில் இரண்டு பொருட்கள் கிளம்புகின்றன, இரண்டையும் ஒன்றென்று நினைப்பதுதான் செய்தித்தாள்களின் வழக்கமான குழப்பம். முதலாவது வெடிப்பின் ஒளியும் எக்ஸ் கதிரும். எட்டு நிமிடம் சொச்சத்தில் பூமிக்கு வந்துவிடும். இரண்டாவது, காந்தத்தையும் சுமந்துகொண்டு நூறு கோடித் தொன் அளவில் பிய்ந்து வரும் வாயு மேகம். அது பூமியை அடைய அரை நாளுக்கு மேலிருந்து மூன்று, நாலு நாள் வரை எடுக்கும். 13664 ஒன்றன்பின் ஒன்றாக இப்படிப் பல மேகங்களை நம் பக்கம் எறிந்தது. பின்னால் வந்தவை முன்னால் போனவற்றை எட்டிப் பிடித்துச் சேர்ந்துகொண்டன. 2003 ஒக்டோபருக்குப் பிறகு மிக உச்ச வகைப் புயல் வந்தது அப்போதுதான். இந்தியாவின் ஆதித்யா எல்1, 15 லட்சம் கிலோமீற்றர் முன்னால் சூரியனுக்கும் பூமிக்கும் இடையில் காவல் நிற்கிறது. 2023 செப்ரெம்பர் 2இல் ஏவப்பட்டு 2024 சனவரி 6இல் தன் இடத்தைச் சேர்ந்தது. மே மாதத்து மேகங்கள் கடந்துபோனதை அதன் துகள் கருவிகள் பதிந்தன. லடாக்கின் ஹன்லேயில் உள்ள இந்திய வானியல் ஆய்வகத்தின் கமராக்களில் அடிவானம் செக்கச் சிவந்து படிந்தது. இந்திய மண்ணிலிருந்து துருவ ஒளி தெரிவது அபூர்வம்.

இனிக் கணக்குக்கு வருவோம். மேகம் மோதியதும் பூமியின் காந்தப்புலத்துக்குள் அகப்படும் துகள்கள், நடுக்கோட்டுக்கு மேலே பல்லாயிரம் கிலோமீற்றர் உயரத்தில் பூமியைச் சுற்றி ஒரு மின்னோட்ட வளையமாக ஓடுகின்றன. கிழக்கிலிருந்து மேற்காக ஓடும் அந்த வளையத்தின் காந்தம், கீழே பூமியின் காந்தத்துக்கு எதிராக நிற்கும். ஆகவே தாழ் அகலக்கோடுகளில் தரையோடு கிடையாக இருக்கும் காந்தப்புலம் குறைகிறது. அந்தக் குறைவுதான் புயலின் அளவு. 2024 மேயில் அது 400 நனோதெசுலாவைத் தாண்டியது, நம் ஊரின் புலத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. படகின் கொம்பாஸ் அதைக் காட்டாது. நல்ல மானி காட்டும்.

இந்தக் கணக்கில் நம் பிராந்தியத்துக்குப் பழைய பெருமை ஒன்று உண்டு. 1859 செப்ரெம்பர் 1இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் கரிங்டன் புள்ளிகளை வரைந்துகொண்டிருக்கும்போதே, வரைந்த புள்ளிக் கூட்டத்தின் மேல் வெள்ளை வெளிச்சம் வெடித்ததைக் கண்டார். பதினேழரை மணி நேரத்தில் புயல் பூமியைத் தொட்டது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தந்திக் கம்பிகளில் தீப்பொறி பறந்தது. அப்போது பம்பாயில் கொலாபா ஆய்வகத்தில் ஆட்கள் விழித்திருந்து கண்ணால் மானியைப் பார்த்து எண்களை எழுதிக்கொண்டிருந்தார்கள். செப்ரெம்பர் 2 முற்பகலில் கிடைப்புலம் 1,600 நனோதெசுலா அளவுக்குச் சரிந்தது அந்த ஏட்டில் இருக்கிறது. கரிங்டன் புயலைப் பற்றி இன்று பேசுகிறவர்கள் எல்லாரும் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்தப் பம்பாய் எண்ணைத்தான். வண்ணம் பார்த்தவர்கள் வருணனை எழுதினார்கள், கொலாபாவில் எண் எழுதினார்கள்.

பாண்டிருப்பு இன்னும் விசேடமான இடத்தில் இருக்கிறது. ஒரு தையல் ஊசியை எடுங்கள். நடுவில் நூல் கட்டி, இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கும்படி சரிபண்ணுங்கள். பிறகு காந்தத்தில் ஒரே திசையில் சில தடவை உரசித் திரும்பத் தொங்கவிடுங்கள். லண்டனில் அதன் ஒரு முனை 66 பாகை அளவுக்குக் கீழே குத்தி நிற்கும். இங்கே ஊசி வடக்குத் தெற்காகத் திரும்பி, கிட்டத்தட்டப் படுத்தே இருக்கும். பூமியின் காந்தக் கோடுகள் தரைக்குச் சமாந்தரமாகப் போகும் காந்த நடுக்கோடு, தென்னிந்திய முனைக்கும் இலங்கைக்கும் கிட்டவாகச் செல்கிறது. ஐரோப்பாவுக்கென்று செய்த மலிவான கொம்பாஸ் இங்கே சரியாக நிற்காமல் தட்டில் உரசுவதற்கும் இதுதான் காரணம், அந்த ஊசியை அங்கத்தைய சாய்வுக்கு எடை போட்டிருப்பார்கள்.

இந்தக் கோட்டின் மேலே 100 கிலோமீற்றர் சொச்ச உயரத்தில், பகல் நேரத்தில், மின்னோட்டம் ஒன்று குறுகிய பட்டையாகக் கிழக்கு நோக்கிப் பாய்கிறது. 1963 நவம்பர் 21இல் இந்திய மண்ணிலிருந்து ஏவிய முதல் ஆய்வு ரொக்கெட் கேரளக் கரையிலுள்ள தும்பாவிலிருந்து எழும்பியதற்கு இந்தப் பட்டையே முக்கிய காரணம். அதை உள்ளே புகுந்து அளக்க வேண்டியிருந்தது. புயலளவு சொல்லும் நிலையங்களை இந்தப் பட்டைக்கு நேர் கீழே வைப்பதில்லை, பட்டையின் இரைச்சல் கணக்கைக் கெடுத்துவிடும் என்று சற்று விலகியே வைக்கிறார்கள். பாண்டிருப்பு அந்த இரைச்சலுக்குக் கிட்ட இருக்கும் ஊர்.

இதனால் யாருக்கு என்ன? கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கமிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்களைக் கேட்கலாம். பல நாள் படகுகளில் கரையோடு பேசச் சிற்றலை ரேடியோ செட் இருக்கும். பகலில் எக்ஸ் வகை எனப்படும் பெரிய வெடிப்பு நடந்தால், எட்டாவது நிமிடத்தில் எக்ஸ் கதிர் மேல்வளியின் கீழடுக்கை மின்னேற்றி விடும். அந்த அடுக்கு சிற்றலையை விழுங்கும். செட்டில் குரல் சடுதியாக மங்கி, ஒரு மணி நேரம் வரைகூட வராமல் போகலாம். செட் பழுது என்று அதைக் கழற்றிப் பார்ப்பதில் பலனில்லை. ஜீபிஎஸ் கதை வேறு. காந்த நடுக்கோட்டுப் பக்கத்தில் சூரியன் மறைந்த பிறகு மேல்வளியில் வெற்றுக் குமிழ்கள் போன்றவை எழும்பி, செய்மதிச் சமிக்ஞையை நடுங்க வைக்கும். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் செப்ரெம்பர், ஒக்டோபரிலும், அதுவும் சூரியன் உச்சத்தில் இருக்கும் வருடங்களில், இது அதிகம். வலை போட்ட இடம் இரவில் சற்று இடம்மாறிக் காட்டினால் கருவியை மட்டும் குறை சொல்ல முடியாது. காந்தப் புயல் என்றதும் மின்சாரமும் இணையமும் நாளை நின்றுவிடும் என்று வரும் பகிர்வுகளை நம்பாதீர்கள். நீண்ட மின்கம்பிகளில் வரும் பெருந்தொல்லை பெரும்பாலும் துருவத்துக்குக் கிட்டிய நாடுகளுக்கே உரியது.

2024 ஒக்டோபரில், சூரியன் தன் 11 வருட உச்சக் கட்டத்தை எட்டிவிட்டது என்று அமெரிக்க நிறுவனங்கள் அறிவித்தன. உச்சம் கழிந்து இறங்கும் வருடங்களிலும் பெரிய புயல்கள் வருவதுண்டு. செயற்படு பகுதி ஒன்றைப் பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்குத் தொலைகாட்டி தேவையில்லை. வெயிலை நேரே பார்க்கவே கூடாது, கறுப்புக் கண்ணாடி, எக்ஸ்ரே தாள் எதுவும் பாதுகாப்பல்ல. கிடுகுக் கூரையின் ஓட்டை வழியே தரையில் விழும் வட்ட வெளிச்சங்கள் ஒவ்வொன்றும் சூரியனின் படம்தான், ஆனால் மூன்று மீற்றர் உயரத்திலிருந்து விழும் படம் மூன்று சென்ரிமீற்றர்கூட வராது, புள்ளி தெரியாது. பள்ளிக்கூட மண்டபத்தை நன்றாக இருட்டாக்கி, ஒரு பக்க யன்னலில் முகம் பார்க்கும் கண்ணாடியின் சிறு துண்டால் வெயிலைத் திருப்பி, கறுப்பு மட்டையில் இரண்டு, மூன்று மில்லிமீற்றர் ஓட்டை போட்டு அதன் வழியே அனுப்புங்கள். பத்து மீற்றர் தள்ளி வெள்ளைத் துணி. அதில் ஒன்பது சென்ரிமீற்றருக்கு மேல் அகலமான சூரியன் விழும். 13664 அளவு பெரிதென்றால் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் நீளமான அழுக்குப் போலத் தெரியும். 1607இல் கெப்ளர் இப்படித்தான் கூரை ஓட்டை வழியே ஒரு புள்ளியைப் பார்த்தார், புதன் கோள் குறுக்கே போகிறது என்று நினைத்துவிட்டார்.

தெரிந்த புள்ளியைத் துணியில் பென்சிலால் குறித்து, அடுத்தடுத்த நாளும் அதே நேரத்தில் பாருங்கள். அது நகரும். ஏறக்குறைய பதின்மூன்று நாளில் வட்டைக் கடந்து மேற்கு விளிம்பில் மறையும். 13664 மறைகிற வேளையில், மே 14 அன்று, பூமியிலிருந்து தெரிந்தவற்றில் தன் மிகப் பெரிய வெடிப்பை வெடித்தது. பூமி அதன் வழியில் இல்லாததால் அந்த மேகம் நம்மைத் தொடவில்லை. பின்புறம் போய்விட்ட பகுதி இரண்டு கிழமைக்குப் பிறகு கிழக்கு விளிம்பில் திரும்பி வந்தது. வந்தபோது அதற்கு வேறு இலக்கம் கொடுத்தார்கள்: 13697. அடுத்த சுற்றில் மூன்றாம் தடவையும் வந்தது, 13723 என்ற பெயரில்.